சவுக்குத் தோப்பு உருண்டை புது இனமா? அவசரப்பட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் மாவட்டச் செய்திகள் பக்கத்தில் 'வேதாரண்யம் அருகே புதிய இனக் காளான், விஞ்ஞானிகள் வியப்பு' என்று படத்தோடு நாலு பத்திச் செய்தி போட்டிருந்தீர்கள். படத்தில் அந்த உருண்டையைப் பிடித்திருக்கும் கை என் பழைய மாணவனுடையது, அது முளைத்த சவுக்குத் தோப்பு என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம், அப்புறம் வியந்துபோன அந்த விஞ்ஞானி யார் என்று விசாரித்துப் பார்த்தால் அது நான்தானாம். நான் விஞ்ஞானி இல்லை. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வியக்கவும் இல்லை. "இது என்ன சார்?" என்று பையன் கேட்டான், "இரு, பார்த்துச் சொல்றேன்" என்றேன், அவ்வளவுதான் நடந்தது.

மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் ஒரு வரியை மட்டும் தயவுசெய்து நாளைக்கே திருத்திப் போடுங்கள். 'டிரஃபிள் போன்ற இக்காளானுக்கு வெளிநாட்டில் கிலோ பல ஆயிரம் ரூபாய் விலை' என்று கடைசிப் பத்தியில் இருக்கிறது. செய்தி வந்த மூன்றாம் நாள் எங்கள் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் இதைப் பறித்து வந்து வெங்காயம் மிளகு போட்டுப் பிரட்டித் தின்றிருக்கிறார்கள். புற்றுக்காளான் தின்று பழகிய ஊர், பேப்பரிலும் போட்டிருக்கிறான், அப்புறம் என்ன பயம் என்று நினைத்திருப்பார்கள். ரெண்டு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரருக்கு வயிற்றைப் பிசைந்து வாந்தி, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. ராத்திரியே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் பாட்டில் ஏற்றி, மறுநாள் மத்தியானம் திரும்பினார். இப்போது நன்றாக இருக்கிறார். டாக்டர் மிச்சம் இருந்தால் கொண்டுவரச் சொன்னாராம், ஆனால் சட்டியை அப்போதே கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

டிரஃபிளும் இதுவும் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. டிரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளைகிற, விலை உயர்ந்த காளான், தன் ஸ்போர்களை, அதாவது விதை மாதிரிப் பரவுகிற நுண்ணிய தூளை, சின்னப் பைக்குள் வைத்து வளர்க்கிற கூட்டம், இது நாம் குடை குடையாகப் பார்க்கிற காளான்களின் கூட்டம். அறுத்தால் இரண்டுக்கும் உள்ளே கறுப்பில் வெள்ளை நரம்பு ஓடுகிற மாதிரி இருக்கும், அந்த ஒற்றுமையை வைத்து ஐரோப்பாவிலேயே டிரஃபிளோடு இதைக் கலந்து ஏமாற்றியவர்கள் உண்டு. சீனாவின் யுன்னான் பக்கம் இந்தச் சாதியில் ஒன்றைச் சந்தையில் விற்றுச் சாப்பிடுகிறார்கள் என்பதும் உண்மைதான், யாராவது இணையத்தில் தேடி அதைக் காட்டுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அது வேறு இனம். நம் தோப்பில் இருப்பது எது என்றே இன்னும் தெரியாதபோது நாக்கில் வைத்துச் சோதிக்க முடியாது.

சரி, இது என்ன? இதன் பேரினத்துக்கு ஸ்க்ளீரோடெர்மா என்று பெயர், 1801-ல் பெர்சூன் என்பவர் வைத்தது. கிரேக்கத்தில் கெட்டித் தோல் என்று அர்த்தம். தமிழில் இதற்கென்று ஒரு பேர் என் காதில் விழுந்ததில்லை. எங்கள் பக்கம் தின்னாத காளான் எல்லாமே நாய்க்குடைதான், ஆனால் இதற்குக் குடையே கிடையாதே, அதனால் நான் மண்பந்து என்று சொல்லிக்கொள்கிறேன், உங்கள் வாசகர்களிடம் இதைவிட நல்ல பேர் இருந்தால் மாற்றிக்கொள்ளத் தயார். மிதித்தால் புகை கிளம்புமே, அந்தப் புகையுருண்டைக் காளானும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அதன் தோல் காகிதம் போல மெல்லிசு, இளசில் உள்ளே ஒரே வெள்ளை, முற்றியதும் பலவற்றில் உச்சியில் ஒரு ஓட்டை விழுந்து அது வழியாகத் தூள் வரும். மண்பந்துக்குத் தோல் தடிப்பு, இளசிலேயே உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும், ஓட்டை கிடையாது, தோல் கண்டபடி கிழிந்துதான் தூள் வெளியேறும். உருவத்தில் பந்தாக இருந்தாலும் உறவு என்று பார்த்தால் குடைக்கு அடியில் மடிப்புக்குப் பதில் பஞ்சு மாதிரி துளை துளையாக இருக்குமே, அந்த பொலீட் காளான்களின் பங்காளி.

பையன் கொண்டுவந்ததை நான் பிளேடால் இரண்டாக அறுத்துப் பார்த்தேன். பெரிய எலுமிச்சம்பழம் அளவு, வெளியே வைக்கோல் மஞ்சள், அதில் பழுப்புச் செதில், அடியில் வேர் மாதிரி நூல்கற்றை ஒரு பிடி மணலை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது, உதறினாலும் போகவில்லை. அறுத்த இடத்தில் வெள்ளைத் தோல் நாலைந்து நிமிஷத்தில் லேசாக ரோஸ் நிறத்துக்குத் திரும்பியது. நடுவில் கருநீலம், அதற்குள் வெள்ளைக் கோடுகள். வாசனை என்று சொல்ல முடியாது, வெயிலில் கிடந்த சைக்கிள் டியூபை மோந்த மாதிரி. பையன் அதற்குள் செல்போனில் படம் எடுத்துத் தேடியிருக்கிறான், அது உருளைக்கிழங்கு என்று சொன்னதாம்.

"எதுவும் வரலை சார், அப்போ புதுசுதானே?"

"கூகுளுக்குத் தெரியலைன்னா புதுசாடா? உன் தாத்தா பேரும்தான் அதுல வராது."

அவன் சிரித்துவிட்டுப் போனான், போனவன் உங்கள் நிருபருக்குப் போன் செய்துவிட்டான். பையன் மேல் கோபமில்லை. தரையைப் பார்த்து நடக்கிற பிள்ளைகள் இப்போது எத்தனை பேர்?

ஒரு காளான் புது இனம் என்று சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை என்ன என்று உங்கள் நிருபருக்கும் தெரிந்தால் நல்லது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். படம் மட்டும் போதாது, மண்பந்து விஷயத்தில் படம் அனேகமாக எதற்குமே உதவாது. நான் மூன்று மழைக்காலமாக ஒரே தோப்பில் ஒரே இடத்தைப் பார்த்துவருகிறேன். ஐப்பசியில் முதல் மழைக்கு வந்தது வழவழவென்று மஞ்சளாக இருந்தது, மார்கழியில் அதே இடத்தில் பார்த்தால் தோல் பழுப்பாகி வெள்ளரிப்பழம் வெடித்த மாதிரி பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கிறது. முதல் வருஷம் நானே இரண்டும் இரண்டு இனம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. வெயில், மழை, வயசு மூன்றும் தோலை மாற்றிவிடும், அதனால் இளசு, நடுவயசு, முற்றல் மூன்றையும் எடுக்க வேண்டும், எடுத்த தேதி, இடம், பக்கத்தில் என்ன மரம், அறுத்தால் நிறம் மாறுகிறதா என்பதையெல்லாம் அப்போதே எழுத வேண்டும், காய்ந்தபிறகு எல்லா மண்பந்தும் பழுப்புக் கட்டிதான்.

உண்மையான அடையாளம் ஸ்போரில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய மைக்ராஸ்கோப் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன், வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், இன்றைக்கு அதுதான் உதவுகிறது. முற்றிய உருண்டையிலிருந்து ஊசிமுனை அளவு தூளை எடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, நூறு மடங்கு லென்ஸில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது, பழுப்புப் புள்ளிகள்தான். நுணுக்கித் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும்போது திடீரென்று ஒவ்வொரு புள்ளியும் பலாக்காய் மாதிரி முள் முள்ளாக நிற்கும். நான் அளந்த வரைக்கும் முள்ளை விட்டுவிட்டு 10 முதல் 13 மைக்ரோமீட்டர் குறுக்களவு, ஒரு மைக்ரோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த முள்தான் முதல் சல்லடை. மண்பந்துகளில் சிலவற்றுக்கு ஸ்போரில் தனித்தனி முள், சிலவற்றுக்கு முள்ளை இணைத்து மீன்வலை மாதிரி பின்னல், சிலவற்றுக்கு இரண்டுக்கும் நடுவே அரைகுறை வலை. 1970-ல் கஸ்தோன் குஸ்மான் என்ற மெக்சிகோக்காரர் இதை வைத்துத்தான் உலகத்து மண்பந்துகளையெல்லாம் பிரித்து அடுக்கினார். ஐரோப்பாவில் எல்லோருக்கும் தெரிந்த மஞ்சள் மண்பந்து ஸ்க்ளீரோடெர்மா சிட்ரினம் வலைக்காரன். நம் தோப்பில் இருப்பது முள்காரன், ஆகவே அது சிட்ரினம் இல்லை. அவ்வளவுதான் என்னால் அடித்துச் சொல்ல முடியும். இன்னொன்று, இளசை எடுத்து ஸ்போர் பார்த்தால் ஏமாந்துபோவோம், முள் அப்போது சரியாக வளர்ந்திருக்காது, வழவழப்பாகத் தெரிவதைப் பார்த்து 'முள்ளே இல்லாத புது இனம்' என்று குதிக்க வேண்டியதுதான்.

முள்காரர்களே நிறைய பேர் இருக்கிறார்கள், வெருகோசம், சீப்பா, ஏரியோலாட்டம், ஆல்பிடம் என்று. ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். தோல் எத்தனை அடுக்கு, தடிப்பு எவ்வளவு, காம்பு உண்டா, செதில் எப்படி, முள்ளின் நீளம் எவ்வளவு, எல்லாம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் முள்ளைப் படம் எடுத்தால் இன்னும் தெளியும், அதற்குப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பிறகு டிஎன்ஏ. காளான்களுக்கு ஐடிஎஸ் என்கிற ஒரு துண்டை 2012-ல் அடையாளப் பட்டையாக ஏற்றுக்கொண்டார்கள், கடையில் பொருள் மேல் கோடு கோடாக இருக்குமே அது மாதிரி. அந்தத் துண்டின் எழுத்துகளைப் படித்து உலகப் பொதுக் களஞ்சியத்தில் இருப்பவற்றோடு ஒத்துப் பார்க்கலாம். இதிலும் ஒரு வில்லங்கம், களஞ்சியத்தில் யாரோ தப்பாகப் பேர் போட்டு ஏற்றியதும் கிடக்கும், பழைய இனங்கள் பலவற்றின் மூல மாதிரி, அதாவது பேர் வைத்தபோது ஆதாரமாகக் குறித்து வைத்த உருப்படி, நூறு இருநூறு வருஷத்துக் காய்ந்த கட்டி, அதிலிருந்து டிஎன்ஏ எடுப்பது லேசு இல்லை. ஆகவே 'களஞ்சியத்தில் ஒத்துப்போகவில்லை' என்பதும், பையன் சொன்ன 'கூகுள்ல வரலை' என்பதும் பல சமயம் ஒரே பதில்தான். மைக்ராஸ்கோப்பும் டிஎன்ஏவும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் பேச்சு.

இதில் எனக்குப் பெரிய சந்தேகம் வேறு. மண்பந்து தனியாக வாழாது, மரத்தின் பொடி வேரைச் சுற்றி உறை போட்டுக்கொண்டு மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் தேடிக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். பைன், தைலமரம், சவுக்கு என்று ஆளைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தோப்பில் என்ன மரம்? சவுக்கு. சவுக்கு இந்த மண்ணுக்குச் சொந்தமா? இல்லை, ஆஸ்திரேலியாவின் வடக்குப் பக்கமும் தென்கிழக்கு ஆசியாவும் பசிபிக் தீவுகளும் அதன் ஊர், நம் கடற்கரைக்கு வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்காக வந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் காப்புக்கென்று இன்னும் நட்டார்கள். தைலமரமும் ஆஸ்திரேலியாதான். அந்த மரங்கள் போன நாடுகளுக்கெல்லாம் அவற்றின் வேர்க் காளான்களும் கூடவே போயிருக்கின்றன. நாமும் என்ன செய்கிறோம், சவுக்கு நாற்றங்கால் போடும்போது பழைய தோப்பு மண்ணை இரண்டு கூடை அள்ளிவந்து கலக்கிறோம், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிற வேர் முடிச்சு நன்றாக வரட்டும் என்று. முடிச்சுக்கான கிருமியோடு மண்பந்தின் ஸ்போரும் அந்தக் கூடையில் ஏறிவிடுகிறது. இப்படி ஊர் ஊராகப் பரவியதை நாம் வேதாரண்யத்தில் கண்டெடுத்து 'புதுசு' என்றால், ஆஸ்திரேலியாவில் எவனோ எப்போதோ அதற்குப் பேர் வைத்து முடித்திருப்பான். முதலில் பார்க்க வேண்டியது அங்கே. நம் மண்ணுக்கே உரிய மண்பந்து வேண்டுமென்றால் கோடியக்கரைக் காட்டுக்குள்ளோ, மேற்குத் தொடர்ச்சி மலையிலோ நம்மூர் மரத்தடியில் தேடுவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்க்ளீரோடெர்மா சின்னமாரியென்சே என்று ஒரு பளிச்சென்ற மஞ்சள் மண்பந்து இருக்கிறது. பேரைப் படித்ததும் அட, நம்மூர் சின்ன மாரியம்மன் கோயில் பக்கம் கிடைத்ததோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பார்த்தால் தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவில் சின்னமாரி என்று ஓர் ஊர், அதை வைத்து 1840-ல் வைத்த பேர். அதே பேரில் தென்கிழக்கு ஆசியாவிலும் காளான்களைக் குறித்திருக்கிறார்கள். கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒரே இனமா, பார்வைக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டா என்பது ஸ்போரும் டிஎன்ஏவும் சேர்ந்து சொல்ல வேண்டிய விஷயம். 2013-ல் தாய்லாந்தில் சியாங்மாய் பக்கத்து சுதேப் மலையில் கிடைத்த ஒன்றை இப்படி எல்லாம் ஒப்பிட்டுத்தான் சுதேபென்சே என்று புதிதாகப் பெயரிட்டார்கள். ஆக, புது இனம் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் இதுவரை பேர் வைத்த பூஞ்சைகள் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், இருக்கக்கூடியது 20 லட்சத்துக்கும் மேல் என்று கணிக்கிறார்கள், நம் சவுக்குத் தோப்புக்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம்.

ஒருவேளை எல்லாச் சோதனையும் தாண்டிப் புதுசு என்றே தெரிந்துவிட்டது என்று வையுங்கள், அப்போதும் பேப்பரில் போட்டால் பேர் நிலைக்காது. ஒரு உருண்டையை மூல மாதிரி என்று குறித்து காய்ந்த மாதிரிகளைப் பாதுகாக்கிற ஒரு ஹெர்பேரியத்தில் சேர்க்க வேண்டும், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் பூஞ்சைகளுக்கென்றே அப்படி ஒன்று இருக்கிறது. 2013 தொடக்கத்திலிருந்து புதுப் பூஞ்சைப் பேர் எதுவானாலும் மைக்கோபேங்க் போன்ற பதிவேட்டில் எண் வாங்கியாக வேண்டும், எண் இல்லாத பேர் செல்லாது. விவரிப்பு 2011 வரை லத்தீனில் இருந்தே ஆக வேண்டும், இப்போது ஆங்கிலமும் சரி. தமிழுக்கு இடமில்லை, ஆனால் பேரில் நம் ஊரை நுழைக்கலாம், அதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. நாம் குழம்பு வைக்கிற சேற்று நண்டில் ஒரு இனத்துக்கு 1798-லேயே ஃபாப்ரீசியஸ் என்பவர் வைத்த பேரில் தரங்கம்பாடி இருக்கிறது, இன்றைக்கு அதன் பேர் ஸ்கில்லா டிராங்குபாரிகா, டிராங்குபார் என்பது தரங்கம்பாடிக்கு வெள்ளைக்காரன் சொன்ன பேர். ஜட்ரோஃபா தஞ்சோரென்சிஸ் என்று தஞ்சாவூர் பேரில் ஒரு காட்டாமணக்கு இருக்கிறது. உயிரினங்களுக்கு இரட்டைப் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸிடம் படித்த கோனிக் என்ற தாவரவியலாளர் 1768-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிச் செடி செடியாகக் காயவைத்த கரை இது. காளானுக்குத்தான் அப்படி யாரும் உட்காரவில்லை, மழைக்காலத்தில் எதையும் காயவைப்பது கஷ்டம் என்பதும் ஒரு காரணமாக இருக்கும், நான் பட்ட பாடு அப்படி. முதல் வருஷம் சேகரித்ததை பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி வைத்தேன், மறுநாள் புழுவும் கூழும்தான் மிச்சம். இப்போது பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, பாதியாக அறுத்து, மரப்பெட்டிக்குள் குண்டு பல்பைப் போட்டு அந்தச் சூட்டில் இரண்டு நாள் காயவைக்கிறேன். அந்த வகைக்கு உங்கள் பேப்பர் மிகவும் உபயோகம்.

இப்போது அவசரம் ஒன்று இருக்கிறது. அந்தத் தோப்பு தை பிறந்ததும் வெட்டு. தோப்புக்காரரிடம் பேசிப் பார்த்தேன். "வாத்தியாரே, நாத்து வாங்கின கடனே இன்னும் அடையலை, உங்க உருண்டைக்காக மரத்த நிறுத்தச் சொன்னா எப்படி?" என்றார், அவர் சொல்வதும் சரிதான், மில் லாரிக்குத் தேதி குறித்துவிட்டார்கள். மரம் போனால் வேர் சாகும், வேர் செத்தால் இதுவும் அங்கே இருக்காது. என்னிடம் இருப்பது இரண்டு ஷூ பெட்டி நிறையக் காய்ந்த மாதிரிகள், அதில் நன்றாக முற்றியது ஆறேழுதான். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப இன்னும் வேண்டும், அதுவும் வேறு வேறு தோப்பிலிருந்து வேண்டும், ஒரே தோப்பு மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதுவும் முடிவு செய்ய மாட்டார்கள்.

அதனால் திருத்தத்தோடு இதையும் நாலு வரி போட்டால் உதவியாக இருக்கும்: விழுந்தமாவடி, புஷ்பவனம், வேதாரண்யம், கோடியக்கரை வரைக்கும் கரையோரம் சவுக்கோ தைலமரமோ வைத்திருப்பவர்கள், மரத்தடியில் சருகுக்குக் கீழே மணலில் பாதி புதைந்து இந்த உருண்டையைப் பார்த்தால், கையால் பிடுங்காமல் கரண்டியால் அடியோடு தோண்டி, அந்த நூல்கற்றையும் வேரும் சேர்ந்து வரும்படி எடுத்து, பேப்பரில் சுற்றி, தேதியும் ஊரும் மரமும் எழுதிப் போடவும். தின்ன வேண்டாம், கை கழுவிக்கொள்ளவும், தூள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். உங்கள் நிருபரிடம் கொடுத்தால் போதும், என் வீடு அவருக்குத் தெரியும். மார்கழி கடைசிக்குள் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
வேதாரண்யம் வட்டம்.